முதல் தலைமுறை ஆய்வு மாணவிகள் நாலு பேர் சேர்ந்தால் என்ன ஆகும்?

எனக்கு வந்த கேள்வி சுருக்கமாக இது: வடசென்னையில், கொருக்குப்பேட்டையில் வீடு. குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். இப்போது சேப்பாக்கத்திலுள்ள பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் முதல் வருடம். துறையில் மென்டர் என்று ஒருவரைப் போட்டிருக்கிறார்கள், ஆனால் கையெழுத்து வாங்கத்தான் அவரைப் பார்ப்பது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று நம் பக்கத்துப் பெண்கள் இன்னும் மூன்று பேர் வெவ்வேறு துறைகளில் இருக்கிறார்கள். காசிமேட்டுக்காரர் கௌரவ விரிவுரையாளராக இருந்துகொண்டு பகுதிநேரமாக ஆய்வு செய்கிறார். நாங்களே ஒருவருக்கொருவர் வழிகாட்டிக்கொண்டால் பயன் உண்டா, இல்லை புலம்பிவிட்டுக் கலைகிற கூட்டமாகத்தான் முடியுமா?

பயன் உண்டு. நானும் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஆய்வுக்குப் போனவள்தான், இப்போது கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். என் ஆய்வு முடிந்ததில் ஆய்வு நெறியாளரான கைடுக்குப் பாதிப் பங்கு என்றால், கூடப் படித்த நாலைந்து பெண்களுக்கு மீதிப் பங்கு. ஆனால் எதற்காகச் சேர்கிறோம் என்ற தெளிவு இல்லாமல் ஆரம்பித்தால் நீங்கள் பயப்படுகிற மாதிரியேதான் முடியும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நம்மிடம் எது குறைவு? மகளிர் தின மேடைகளில் தன்னம்பிக்கை என்பார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். காலையில் தண்ணி பிடித்து வைத்துவிட்டு, தம்பிக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கியிருந்தால் எந்தப் பக்கம் சுற்றிப் போவது என்று கணக்குப் போட்டு, பத்து மணிக்கு நூலகத்தில் வந்து உட்காருகிற பெண்ணுக்கு யாரும் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. நமக்கு இல்லாதது சேதி. பல்கலைக்கழகம் பாதி எழுதிவைத்த விதியால் ஓடுகிறது, பாதி வாய்வழிச் சேதியால் ஓடுகிறது. அப்பாவோ சித்தியோ பேராசிரியராக இருக்கிற வீட்டில் அந்த இரண்டாவது பாதி சாப்பிடும்போதே காதில் விழுந்துவிடும். எந்த கைடு மாணவரின் கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொள்வார், எந்த இதழ் காசு கொடுத்தால் எதையும் அச்சடிக்கும், டிசி மீட்டிங்கில் (ஆய்வு முன்னேற்றத்தைப் பார்க்கிற டாக்டோரல் கமிட்டிக் கூட்டம்) பதில் தெரியாத கேள்வி வந்தால் எப்படிச் சமாளிப்பது என்பதையெல்லாம் அங்கே யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை, தெரிந்துவிடுகிறது. நம் வீட்டிலோ, ஆய்வேட்டுச் சுருக்கத்தைப் பற்றி ‘சினாப்சிஸைத் திருப்பி அனுப்பிட்டாங்கம்மா’ என்றால், ‘உடம்பைக் கெடுத்துக்காம வேற வேலை பாரேன்’ என்பார் அம்மா, பாசமாகத்தான்.

வாசலுக்குள் வருவதில் தமிழ்நாடு பரவாயில்லை. 2021-22 கணக்கெடுப்பில் நம் மாநிலத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. அதே ஆண்டில் நாடு முழுக்க முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்த 2.12 லட்சம் பேரில் பெண்கள் ஏறத்தாழ 99 ஆயிரம். வந்துவிட்டோம், சரி. வந்தவர்கள் பாதியில் நிற்காமல் முடிக்கிறார்களா என்பதில்தான் சேதி வேலை செய்கிறது.

சேதி என்று சொல்வது மொட்டையாக இருக்கிறது, சில உதாரணங்கள் தருகிறேன். ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கென்று தேசிய ஃபெல்லோஷிப்புகள், அதாவது ஆய்வு உதவித்தொகைகள், இருக்கின்றன. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைக்காதவர்களும் மதிப்பெண் அடிப்படையில் அவற்றுக்கு வரலாம். ஆனால் நெட் விண்ணப்பத்திலேயே அதற்கு ஒரு கேள்வி இருக்கிறது, அதில் ‘ஆம்’ போட்டிருக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் அவசரமாக நிரப்பிக் கொடுக்கிற தம்பிக்கு இது எப்படித் தெரியும்? ஒரு கட்டத்தை விட்டதால் அடுத்த தேர்வுவரை காத்திருந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

ராயபுரம், காசிமேடு பக்கம் கிறித்தவர்களாக மாறிய ஆதிதிராவிடர் குடும்பங்கள் நிறைய. 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணையும் பிறகு வந்த திருத்தங்களும் சேர்ந்து, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவரை மட்டுமே பட்டியல் சாதியாக எடுத்துக்கொள்கின்றன. ஆகவே மத்திய அரசின் எஸ்.சி ஃபெல்லோஷிப் இந்தப் பெண்களுக்குக் கிடையாது. ஆனால் முழுநேர முனைவர் பட்ட மாணவர்களுக்குத் தமிழக அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் தருகிற திட்டத்தில் கிறித்தவ ஆதிதிராவிடரும் சேர்த்திதான். முதல் கதவு மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டாவது கதவு இருப்பதே தெரியாமல் திரும்பிவிடுகிறவர்கள் பலர். அதேபோல, சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப் 2022-23 முதல் புதிதாக யாருக்கும் வழங்கப்படுவதில்லை. அதை நம்பியிருந்த முஸ்லிம் தோழிகளில் ஓ.பி.சி (இதர பிற்படுத்தப்பட்டோர்) பிரிவில் வருகிறவர்கள் அந்த வழியில் போகலாம். அதற்குக் கையில் இருக்கிற மாநில அரசின் பி.சி சான்றிதழ் போதாது. மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர்கள்) வரவில்லை என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் தாலுகா ஆபீசுக்கு ஓடினால் கிடைக்காது.

ஃபெல்லோஷிப் கிடைத்துவிட்டால் மட்டும்? ஜே.ஆர்.எஃப் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், சீனியர் ஆனதும் 42,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஃபெல்லோஷிப் பணம் கனரா வங்கியின் இணையதளம் வழியாக வருவது. பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒருவர் விவரத்தை ஏற்றி, இன்னொருவர் சரிபார்த்து, மாதாமாதம் உறுதிசெய்தால்தான் கணக்கில் விழும். அந்த இரண்டு பேர் யார், எந்த மேசை, எத்தனை மணிக்குப் போனால் சீட்டில் இருப்பார்கள் என்பது எந்தக் கையேட்டிலும் கிடையாது. ஒரு வருடம் முன்னால் சேர்ந்த அக்காவிடம்தான் இருக்கும்.

எழுதிவைத்த விதியையும் யாரும் எடுத்துப் படிப்பதில்லை என்பது இன்னொரு கூத்து. யுஜிசியின் 2022 ஒழுங்குமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவில் 2 ஆண்டு கூடும், பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு. மொத்தம் 10 ஆண்டைத் தாண்டக் கூடாது. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை விடுப்பு உண்டு. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகிற பெண் தன் ஆய்வை அங்குள்ள நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் இடம் இருக்கிறது. இது தெரியாமல் ‘கல்யாணம் ஆகிடுச்சு, அவ்வளவுதான்’ என்று பதிவை விட்டவர்களை நினைத்தால் வயிறு எரியும். பல்கலைக்கழகம் தன் விதியில் இவற்றை எப்படி எழுதியிருக்கிறது என்று உங்களுடையதை எடுத்துப் பாருங்கள். கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி எடுத்துவிட்டாலும் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் வைத்திருக்கின்றன. தரமான இதழ்கள் எவை என்று சொன்ன யுஜிசி கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டதால், எது நல்ல இதழ் என்று பார்க்கிற பொறுப்பு இப்போது உங்கள் தலையிலும் கைடு தலையிலும்தான். போலி இதழ்க்காரர்களின் மின்னஞ்சலில் முதலில் சிக்குவது நம்மைப் போன்றவர்கள்.

இதையெல்லாம் ஒரு மென்டர் சொல்ல முடியாதா என்றால், சொல்லலாம், பெரும்பாலும் சொல்வதில்லை. கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடுகிற நாக் (NAAC) குழு வரும்போது ஒரு மென்டருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதத்தைக் காட்ட வேண்டும், அதற்குப் போட்ட ஏற்பாடு அது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் மதிப்பீட்டில் பங்கு உள்ளவரிடம் ‘எனக்கு இந்தச் சொல்லே புரியலை மேடம்’ என்று எப்படிச் சொல்வீர்கள்? உங்களைப் போலவே புரியாமல் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லலாம்.

இதைப் பற்றிய ஆராய்ச்சியும் கொஞ்சம் இருக்கிறது. கேத்தி க்ராம், லின் இசபெல்லா என்ற இருவர் 1985இலேயே வேலையிடங்களில் சம நிலையில் இருப்பவர்களின் உறவை ஆராய்ந்து, மூத்தவரின் வழிகாட்டலுக்கு அது ஒரு மாற்று வழி என்று எழுதினார்கள். தகவல் பரிமாறுகிறவர், வேலையில் துணை நிற்பவர், மனதுக்கு நெருக்கமானவர் என்று மூன்று வகையாகவும் பிரித்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது டாரா டென்னஹியும் நீலாஞ்சனா தாஸ்குப்தாவும் 2017இல் வெளியிட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியலில் சேர்ந்த 150 மாணவிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மூத்த மாணவி வழிகாட்டி, இன்னொன்றுக்கு மூத்த மாணவர், மூன்றாவதற்கு யாரும் இல்லை. முதல் வருட முடிவில் மாணவி வழிகாட்டியாக இருந்த பிரிவில் ஒருவர்கூடப் பொறியியலை விட்டுப் போகவில்லை. மூத்த மாணவர் வழிகாட்டிய பிரிவில் 18 சதவீதமும், யாரும் இல்லாத பிரிவில் 11 சதவீதமும் விலகியிருந்தார்கள். வழிகாட்டி இருந்ததால் மதிப்பெண் ஏறவில்லை என்பதையும் கவனியுங்கள். ‘இது என் இடமும்தான்’ என்ற உணர்வு குறையாமல் நின்றது, அதுதான் அவர்களைத் தங்கவைத்தது. பொறியியலையும் அமெரிக்காவையும் அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் ‘இது என் இடமா?’ என்ற சந்தேகம் வடசென்னைப் பெண்ணுக்குப் புதிதா என்ன?

அந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும். ‘எந்த ஏரியா?’ என்று கேட்டால் வியாசர்பாடிக்காரர் ‘பெரம்பூர் பக்கம்’ என்பார். புளியந்தோப்புக்காரர் புரசைவாக்கத்தைச் சொல்வார். ஏரியா பேர் சொன்னதும் எதிரில் இருப்பவர் சாதியையும் வருமானத்தையும் சேர்த்தே கணக்குப் போட்டுவிடுகிறார் என்பதால் வருகிற பழக்கம் அது. செமினாரில் வாய் தவறி நம் பேச்சுத் தமிழ் வந்தால் ஒரு சிரிப்பு எழும். உங்கள் குழுவில் அந்தக் கணக்கு இல்லாமல் பேசலாம், அதுவே பெரிய ஓய்வு. ஆனால் ஓய்வை மட்டும் நோக்கமாக வைத்தால் மூன்றாவது சந்திப்பிலேயே கூட்டம் நீர்த்துப்போகும். எல்லார் கஷ்டமும் எல்லாருக்கும் மனப்பாடமான பிறகு எதற்கு மறுபடி வருவது?

அதனால் வேலையை நடுவில் வையுங்கள். நான் பார்த்தவரை உயிரோடு இருக்கிற குழுக்கள் சீட்டு நடத்துகிற மாதிரி நடக்கின்றன: எல்லாரும் கட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒருவர் எடுப்பார். இந்தத் தடவை உங்கள் முறை என்றால், நீங்கள் எழுதிய ஐந்தாறு பக்கத்தை மூன்று நாள் முன்னதாக அனுப்புங்கள், மற்ற மூவரும் படித்துவிட்டு வரட்டும். பாதி எழுதியது, அசிங்கமாக இருப்பது, எதுவும் பரவாயில்லை. வெறும் கையோடு மட்டும் வரக் கூடாது. படிக்காமல் வந்தவரும் அன்றைக்குக் கருத்துச் சொல்லக் கூடாது. இந்த இரண்டு விதி போதும், மீதியெல்லாம் தானாக அமையும்.

துறை வேறு வேறாக இருப்பது குறையில்லை. வரலாற்றுக்காரருக்குப் புரியாத வாக்கியம் பெரும்பாலும் எழுதியவருக்கே சரியாகப் புரியாத வாக்கியமாகத்தான் இருக்கும். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதத் திணறுகிறவர்கள் எழுதியதை வாய்விட்டுப் படிக்கட்டும், எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை உடையுங்கள். முதலில் என்ன சொல்ல வருகிறோம் என்பதைத் தமிழில் பேசித் தீர்த்துவிட்டு அப்புறம் ஆங்கிலத்துக்குப் போவது வெட்கப்பட வேண்டிய காரியம் இல்லை. துறை சார்ந்த சந்தேகத்துக்கு, ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கிற ஷோத்கங்கா இணையதளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்திலேயே ஏற்கப்பட்ட ஆய்வேடுகளை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு சுமாரான ஆய்வேடும் பட்டம் வாங்கியிருக்கிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். (இதை உங்கள் கைடிடம் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.)

நால்வரும் முதல் வருடமாக இருந்தால் ஒரு சிக்கல் உண்டு, நால்வருக்கும் தெரியாதது யாருக்கும் தெரியாது. ஒரு படி மேலே இருக்கிற ஒருவர் வேண்டும். சினாப்சிஸ் கொடுத்துவிட்டவரோ, வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருப்பவரோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். அவரை நிரந்தரத் தலைவியாக்கிவிடாதீர்கள், பாவம், அவருக்கும் ஆய்வேடு எழுத வேண்டும். ஆறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். முறை வர அரை வருடம் ஆகும் என்றால் யாரும் கட்டமாட்டார்கள்.

எங்கே கூடுவது என்பது நம் பக்கத்தில் சின்னக் கேள்வி இல்லை. ஒற்றை அறை வீட்டில் டிவி ஓடும், பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து உட்காருவார். ‘என்னம்மா, இத்தனை பொண்ணுங்க?’ என்று தெருவே விசாரிக்கும். சேப்பாக்கத்திலேயே வேலை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குவதுதான் சுலபம், வீட்டிலும் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. சனிக்கிழமை என்றால் கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகம் மாதிரி இடங்களைப் பாருங்கள். குறைந்த கட்டணம், மேசை, மின்சாரம், கழிப்பறை எல்லாம் உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்து பெண்களுக்கு இலவசம் என்பதால் பேருந்து போகிற இடமாகத் தேர்ந்தெடுங்கள். மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டதுதான், ஆனால் வாராவாரம் போக வர டிக்கெட் எடுப்பது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள். இரண்டு தடவை வராமல் இருந்துவிட்டு மெதுவாக நழுவிவிடுவார்கள்.

சாதி பற்றி. ஒரே ஏரியா, ஒரே வறுமை என்பதால் குழுவுக்குள் சாதி இருக்காது என்று நினைக்காதீர்கள். மீனவப் பெண்ணின் அனுபவமும் ஆதிதிராவிடப் பெண்ணின் அனுபவமும் முஸ்லிம் பெண்ணின் அனுபவமும் ஒன்றில்லை. ‘அவங்களுக்கென்ன, ஃபெல்லோஷிப் தனியா இருக்கு’ என்று ஒரு வார்த்தை விழுந்தால் அத்தோடு குழு முடிந்தது. அப்படி விழுந்தால் சிரித்து மழுப்ப வேண்டாம், அங்கேயே நிறுத்திப் பேசிவிடுங்கள். யாரும் தன் சாதியைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம்.

குழு எதைச் செய்யக் கூடாது என்பதற்கும் வருகிறேன். கைடு ஆறு மாதமாக அத்தியாயத்தைப் படிக்கவில்லை என்றால் அது கைடின் வேலை, நீங்கள் நால்வரும் படித்துக் கொடுத்து அந்த ஓட்டையை அடைக்காதீர்கள். எந்தத் தேதியில் கொடுத்தேன் என்று மின்னஞ்சலில் பதிவு இருக்கட்டும். எப்படி நினைவூட்டிக் கடிதம் எழுதுவது என்பதை மட்டும் சேர்ந்து யோசியுங்கள். பாலியல் தொந்தரவு என்றால் தோழிகள் கூட வரலாம், தைரியம் தரலாம், ஆனால் விசாரிப்பது உள்ளகப் புகார் குழுவின் பொறுப்பு. யுஜிசியின் 2015 ஒழுங்குமுறைப்படி மாணவர் சம்பந்தப்பட்ட புகாரில் அந்தக் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும், அதில் ஆய்வு மாணவரும் ஒருவர். உங்கள் பல்கலைக்கழகத்தில் அது யார் என்று தேவை வருவதற்கு முன்பே தெரிந்துவைத்திருங்கள். சம்பவத் தேதிகளை எழுதிவையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இதைப் பேசாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொரு ஆபத்து நல்ல பெயரில் வரும். உங்கள் குழு நன்றாக நடக்கிறது என்று தெரிந்தால் துறை அதை ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொள்ளும். அப்புறம் அழுகிற ஜூனியர் எல்லாரையும் உங்களிடம் அனுப்பிவைக்கும். ‘பெண்கள்தானே, பார்த்துக்கொள்வார்கள்.’ இது சம்பளமில்லாத வேலை, உங்கள் ஆய்வு நேரத்தைத் தின்னும், பதவி உயர்வு நேரத்தில் யாரும் இதற்கு மதிப்பெண் போடவும் மாட்டார்கள். ஜூனியர்களுக்கு ஏதாவது செய்ய ஆசை இருந்தால், செமஸ்டருக்கு ஒருமுறை பாரதி மகளிர் கல்லூரிக்கோ வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரிக்கோ போய், இளங்கலை இறுதியாண்டு மாணவிகளுக்கு முனைவர் பட்டம் வரை உள்ள பாதையை விவரமாகச் சொல்லிவிட்டு வாருங்கள். நெட் தேர்வு மதிப்பெண்ணே இப்போது முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுகிறது என்பதுகூட அங்கே பலருக்குத் தெரியாது. அந்த வேலைக்கு ஒரு மதியம் போதும்.

துறை மென்டரையும் விட்டுவிடாதீர்கள். அவரிடம் மனம் திறக்க வேண்டியதில்லை, கையெழுத்தும் சிபாரிசுக் கடிதமும் அவர் தரலாம். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு குறிப்பான வேண்டுகோளோடு போங்கள். ‘கஷ்டமா இருக்கு மேடம்’ என்று நின்றால் அறிவுரை கிடைக்கும். ‘இந்தக் கருத்தரங்குக்கு இந்தத் தேதிக்குள் ஒரு கடிதம் வேண்டும்’ என்றால் கடிதம் கிடைக்கும்.

முதல் சந்திப்புக்குக் குழுவுக்குப் பேர் வைக்க வேண்டாம், லோகோவும் வேண்டாம். நால்வரும் பதிவுக் கடிதத்தையும் பல்கலைக்கழக விதிமுறையையும் அச்செடுத்து வாருங்கள். பதிவு செய்த தேதி, அடுத்த டிசி மீட்டிங், கோர்ஸ் ஒர்க் தேர்வு, அவரவருக்குப் பொருந்துகிற ஃபெல்லோஷிப், அதற்கு வேண்டிய சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி நால்வரும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியதைக் காட்டும் முதல் முறையைக் காசிமேட்டுத் தோழிக்குக் கொடுங்கள். மாதம் 25,000 ரூபாய்க்கு வகுப்பெடுத்துவிட்டு மிச்ச நேரத்தில் ஆய்வு செய்கிறவருக்குத்தான் நேரம் முதலில் தீரும். உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி என்று 2023 ஜூலையில் யுஜிசி மாற்றியிருப்பதால், அவர் முதலில் செட் எழுதுவதா அத்தியாயத்தை முடிப்பதா என்பதையும் அன்றைக்கே நால்வரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.